ட்ரெட்மில்லில் நாலு மாதம் நடந்தாயிற்று, இனி என்ன செய்ய?

கேள்வி: அக்கா, எனக்கு வயது 43. உப்புவெளியில் இருக்கிறேன், நகரத்தில் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறேன். போன வருடக் கடைசியில் இரத்தம் சோதித்தபோது வெறும் வயிற்றுச் சீனி 112 என்று வந்தது. வருத்தம் இன்னும் வரவில்லை, எல்லையில் நிற்கிறீர்கள் என்றார் டாக்டர். அம்மாவுக்கும் சித்திக்கும் சலரோகம் இருக்கிறது. பயத்தில் ஜிம்மில் சேர்ந்து நாலு மாதம் ஆகிறது. பெண்களுக்கான நேரத்தில் போய், கிழமைக்கு ஐந்து நாள், ஒவ்வொரு நாளும் 40 நிமிடம் ட்ரெட்மில்லில் நடக்கிறேன். முதல் இரண்டு மாதத்தில் 71 கிலோவிலிருந்து 68க்கு வந்தேன். அதற்குப் பிறகு தராசு அசையவேயில்லை. கோணேசர் கோயிலுக்கு ஏறும்போது இன்னும் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்குகிறேன். படி இறங்கினால் வலது முழங்கால் நோகிறது. ஜிம்மில் கோச் எடை தூக்கச் சொல்கிறார், கூடப் படிப்பிக்கும் டீச்சர் ஸும்பாதான் நல்லது என்கிறார், மகன் போனில் ஏதோ நாலு நிமிடப் பயிற்சி காட்டுகிறான், இவர் யோகா போதும் என்கிறார். எடை தூக்கினால் உடம்பு ஆம்பிளைகள் மாதிரி ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. எதைச் செய்ய? கந்தசஷ்டி ஆறு நாளும் விரதம் பிடிப்பேன், அந்த நாட்களில் ஜிம்முக்குப் போகலாமா?
ஓர் ஆசிரியை, உப்புவெளி

பதில்: தங்கச்சி, தேவையான எல்லாவற்றையும் எழுதியிருக்கிறீர்கள், அதனால் பதிலும் கொஞ்சம் நீளும். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் கோச் சொல்வதுதான் சரி, எடை தூக்குங்கள். கிழமைக்கு இரண்டு நாள் போதும். ட்ரெட்மில்லை விடச் சொல்லவில்லை, அதற்குக் கொடுக்கிற நேரத்தில் பாதியை எடுத்து இதற்குக் கொடுங்கள். ஸும்பாவுக்கும் யோகாவுக்கும் மகன் காட்டுகிற நாலு நிமிடத்துக்கும்கூட ஒவ்வோர் இடம் இருக்கிறது, பிறகு சொல்கிறேன். ஆனால் இன்றைக்கு உங்கள் உடம்புக்குக் குறைவாக இருப்பது பலம், அதைத் தருவதற்கென்றே இருக்கிற பயிற்சி எடைப் பயிற்சிதான்.

இந்த நாலு மாதம் வீணாகவில்லை, அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர்கள் கிழமைக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான வேகத்தில் உடலை அசைக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டல். நீங்கள் 200 நிமிடம் நடக்கிறீர்கள். அந்த வழிகாட்டலிலேயே அடுத்த வரி ஒன்று இருக்கிறது, அதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை: பெரிய தசைகள் எல்லாவற்றுக்கும் பலம் கொடுக்கும் பயிற்சி, கிழமைக்குக் குறைந்தது இரண்டு நாள். வினாத்தாளின் முதல் பகுதியை முழுதாக எழுதிவிட்டு இரண்டாம் பகுதியைத் தொடாமல் கொடுத்த பிள்ளையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இப்போது உங்கள் நிலைமையும் அதுதான்.

தராசு ஏன் நின்றது என்றால், முதல் மாதத்தில் அந்த 40 நிமிடம் உங்கள் இதயத்துக்கும் காலுக்கும் பெரிய வேலையாக இருந்தது, உடம்பு அதைப் பழகிக்கொண்டது, இப்போது அதே வேகம் அதற்கு வேலையே இல்லை, போதாததற்கு 3 கிலோ குறைந்த உடம்பைச் சுமந்து நடக்க முன்னையவிடக் குறைந்த சக்தி போதும். பழகியது நல்ல செய்தி, உங்கள் இதயம் தேறியிருக்கிறது என்று அர்த்தம். ஆனால் உடம்புக்குக் கொடுக்கிற வேலை கொஞ்சம் கொஞ்சமாகக் கூடினால்தான் அது மேலும் மாறும், கூடாவிட்டால் இருந்த இடத்திலேயே நிற்கும். எந்தப் பயிற்சிக்கும் இதுதான் விதி, பெயர் எதுவாக இருந்தாலும்.

கோயில் ஏற்றமும் அப்படித்தான். கோட்டை வாசலால் உள்ளே போய் மான்கள் நிற்கிற இடம் வரைக்கும் உங்களுக்குக் களைப்பே வராது என்று நினைக்கிறேன். அதற்கு மேல் பாதை ஏறத் தொடங்கும்போது ஒவ்வோர் எட்டிலும் முழு உடம்பையும் ஒற்றைக் காலால் மேலே தள்ள வேண்டும். துடையிலும் பிட்டத்திலும் பலம் இல்லாவிட்டால் அந்த ஒவ்வொரு தள்ளலும் உங்கள் முழுச் சக்திக்குக் கிட்டப் போய்விடும், அப்போது மூச்சு வாங்கத்தான் செய்யும். மட்டமான ட்ரெட்மில் நடை இதைச் சொல்லிக் கொடுக்காது.

இந்த மூச்சு விஷயத்தில் ஒன்றை மட்டும் சோதித்துவிடுங்கள். உங்கள் வயதில் மாதவிடாய்ப் போக்கு கூடுதலாக இருக்கிற பெண்களுக்கு இரத்தச்சோகை சாதாரணமாக இருக்கும், ஏற்றத்தில் இளைப்பதற்கு அதுவும் காரணமாகலாம். அடுத்த முறை சீனி சோதிக்கும்போது ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பாருங்கள், பிரஷரையும் பார்க்கச் சொல்லுங்கள். மட்டமான ரோட்டில் நடக்கும்போதே இளைத்தாலோ, இளைப்பு நாளுக்கு நாள் கூடினாலோ, ஜிம்மை ஒரு பக்கம் வைத்துவிட்டு முதலில் டாக்டரிடம் போங்கள்.

இனி சீனிக்கும் எடைப் பயிற்சிக்கும் என்ன தொடர்பு என்று பார்ப்போம், ஏனென்றால் நீங்கள் ஜிம்முக்குப் போனதே அந்த 112க்காக. சோறோ புட்டோ சாப்பிட்ட பிறகு இரத்தத்தில் ஏறுகிற சீனியில் பெரும் பங்கைச் சேமித்து வைக்கிற இடம் தசைதான். தசை வேலை செய்யும்போது இன்சுலின் சரியாக வேலை செய்யாவிட்டால்கூடச் சீனியை உள்ளே இழுத்துக்கொள்ளும். களஞ்சியம் பெரிதாக இருந்தால் நெல் வெளியே கிடக்காது, அவ்வளவுதான். ஆனால் 30 வயதுக்குப் பிறகு, ஒன்றும் செய்யாமல் விட்டால், பத்து வருடத்துக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை கரைந்துகொண்டே போகும். நடந்தும் சாப்பாட்டைக் குறைத்தும் மட்டும் எடையைக் குறைக்கிறவர்களுக்குக் கொழுப்போடு சேர்ந்து ஒரு பங்கு தசையும் போகிறது. அந்த 3 கிலோவில் அப்படி எவ்வளவு போனது என்பதைத் தராசு சொல்லாது. இன்னும் சில வருடத்தில் மாதவிடாய் நிற்கும்போது எஸ்ட்ரஜன் என்ற பெண் ஹோர்மோன் குறையும், அதோடு எலும்பின் அடர்த்தியும் வேகமாகக் குறையத் தொடங்கும். எலும்பு உறுதியாக இருக்க அதற்குப் பாரம் வேண்டும். விழுந்து இடுப்பு எலும்பு முறிந்த அம்மம்மாக்களுக்கு மறுபடி நடை பழக்குவது என் வேலையில் ஒரு பங்கு. அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கிற ஒவ்வொரு முறையும், இருபது வருடத்துக்கு முன்பே இவர்களை எடை தூக்க வைத்திருக்கலாமே என்று தோன்றும். அதனால்தான் உங்களை இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

ஆம்பிளை மாதிரி ஆகிவிடும் என்ற பயத்தை விடுங்கள். ஆண்களின் தசையைப் பெருக்கிக் காட்டுகிற டெஸ்டோஸ்டிரோன் பெண்களின் உடம்பில் அவர்களுக்கு இருப்பதில் பத்தில் ஒரு பங்கு, அதைவிடக் குறைவாகவும் இருக்கும். படங்களில் பார்க்கிற அந்தப் பெண்கள் அதற்காகவே வருடக்கணக்காக, கிழமைக்கு ஐந்தாறு நாள், அளந்து சாப்பிட்டு உழைத்தவர்கள். கிழமைக்கு இரண்டு நாள் தூக்கி யாருக்கும் தற்செயலாக அப்படி ஆகாது. முதல் ஒன்றிரண்டு மாதத்தில் கூடுகிற பலத்தில் பெரும் பங்கு நரம்புகள் தசையை நன்றாக வேலை வாங்கப் பழகுவதால் வருவது, அளவு பெரிதாக மாறாது.

எடைப் பயிற்சி என்றால் இளம் பெடியன்கள் கண்ணாடி முன்னால் செய்கிறது என்ற எண்ணம் நம் ஊரில் இருக்கிறது. இன்று நாங்கள் செய்கிற முறை ஒழுங்காக எழுதப்பட்டது ஒரு ஆஸ்பத்திரியில். இரண்டாம் உலகப் போரில் காலும் முழங்காலும் காயப்பட்ட வீரர்களுக்கு அந்தக் காலத்தில் மெல்லிய பாரத்தைப் பல தடவை தூக்கச் சொல்வார்கள், தேற மாதக்கணக்காகும். தோமஸ் டெலோர்ம் என்ற அமெரிக்க இராணுவ மருத்துவர் அதை மாற்றி, பாரமான எடையைக் குறைந்த தடவை தூக்க வைத்து, பலம் கூடக் கூட எடையையும் கூட்டினார். சரியாக 10 தடவை மட்டும் தூக்க முடிகிற எடை எது என்று முதலில் கண்டுபிடிப்பார். முதல் செட், அதாவது ஆறாமல் தொடர்ந்து தூக்குகிற முதல் சுற்று, அதில் பாதி எடையில், அடுத்தது முக்கால், கடைசி முழு எடையில். உங்கள் கோச் தருகிற 3 செட், ஒவ்வொன்றிலும் 10 ரெப் (தடவை) என்ற கணக்குக்கு வேர் அங்கேதான் இருக்கிறது. நோகிற முழங்காலோடு வருகிற உங்களுக்கு இந்த வரலாறு தேவை, பலம் கொடுப்பதும் வைத்தியம்தான்.

என்ன தூக்குவது? ஜிம்மில் இருக்கிற இருபது மெஷினையும் தொட வேண்டாம். உடம்பு அன்றாடம் செய்கிற அசைவுகள் சிலதான்: குந்தி எழும்புவது, இடுப்பால் மடிந்து நிலத்திலிருந்து தூக்குவது, இழுப்பது, தள்ளுவது, பாரத்தோடு நடப்பது. இந்த ஐந்துக்கும் ஒவ்வொரு பயிற்சி போதும்.

குந்துவதை ஒரு கதிரையில் தொடங்குங்கள். கைகளை முன்னால் நீட்டிக்கொண்டு, மூன்று எண்ணும்வரை மெதுவாக இறங்கி, பிட்டம் கதிரையில் பட்டதும் எழும்புங்கள். 12 தடவை இலகுவாக வந்தால் நெஞ்சோடு ஒரு டம்பெல்லை அணைத்துக்கொண்டு செய்யுங்கள், 4 கிலோவில் தொடங்கலாம். உங்கள் முழங்காலுக்கு நான் கொடுக்கிற முதல் மருந்தும் இதுதான். படி இறங்கும்போது மட்டும் முழங்காலின் முன்பக்கம் நோகிறது என்றால், பெரும்பாலும் துடைத் தசையும் இடுப்புப் பக்கத்துத் தசையும் அந்த வேலைக்குப் போதவில்லை என்று அர்த்தம், ஏனென்றால் இறங்கும்போது துடைத் தசை நீண்டுகொண்டே உடம்பின் பாரத்தைப் பிடித்து நிறுத்த வேண்டும், ஏறுவதைவிட அதுதான் பலருக்குக் கஷ்டம். அதனால்தான் அந்த மூன்று எண்ணி இறங்குவது முக்கியம். பத்துக்கு மூன்று என்று சொல்லக்கூடிய நோ வந்தால் பயப்படாமல் செய்யலாம், அது அடுத்த நாள் விடிய வழக்கத்தைவிடக் கூடி இருக்கக்கூடாது. கூடினால் கதிரைக்கு மேல் ஒரு தலையணை வைத்து உயரத்தைக் கூட்டுங்கள். முழங்கால் வீங்கினாலோ, நடுவில் பூட்டிக்கொண்டாலோ, திடீரென்று மடிந்து விழப் பார்த்தாலோ இந்தக் கடிதத்தை நம்பி இருக்க வேண்டாம், நேரில் காட்டுங்கள்.

இடுப்பால் மடிவதுதான் சொல்லிக் கொடுக்க ஆகக் கஷ்டமானது, டெட்லிஃப்ட் என்று கோச் சொல்வது இதைத்தான். நாரி வளையாமல், பிட்டம் பின்னால் போக, முதுகு ஒரு பலகை மாதிரி இருக்க வேண்டும். வீட்டில் 12.5 கிலோ கேஸ் சிலிண்டரை நகர்த்தும்போது நாங்கள் எல்லோரும் செய்கிற பிழை, முழங்காலும் இடுப்பும் அப்படியே இருக்க நாரியை மட்டும் வளைப்பது. என்னிடம் நாரிப்பிடிப்போடு வருகிறவர்களில் பலர் அப்படி ஒரு தூக்கலில்தான் பிடித்துக்கொண்டதாகச் சொல்வார்கள். ஒரு விளக்குமாற்றுத் தடியை முதுகோடு பிடித்து, பின்தலை, முதுகு, பிட்டம் மூன்றிலும் அது பட்டபடி இருக்க மடிந்து பழகுங்கள். அது கைக்கு வந்த பிறகு டம்பெல்.

இழுப்பதற்கு நீங்கள் இருக்கிற இடத்திலேயே நல்ல பாடம் இருக்கிறது. காலையில் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கரைவலை இழுக்கிறவர்களைப் பாருங்கள். கையால் மட்டும் இழுக்கிறவர் ஒருவரும் இருக்க மாட்டார். குதிக்காலை மணலில் ஊன்றி, உடம்பைப் பின்னால் சாய்த்து, முதுகாலும் காலாலும் இழுப்பார்கள், அதனால்தான் அத்தனை நேரம் தாங்குகிறார்கள். ரோயிங் மெஷினிலோ கேபிளிலோ நீங்கள் இழுக்கும்போதும் தோள்பட்டை எலும்பு இரண்டையும் பின்னால் சேர்த்து முதுகால் இழுக்க வேண்டும். நாள் முழுவதும் கரும்பலகைக்கும் கொப்பிக்கும் இடையில் குனிந்து நிற்கிற தோளுக்கு இது பெரிய ஆறுதல்.

தள்ளுவதற்கு மேசையில் கை ஊன்றிப் புஷ்-அப். மேசை இலகுவானால் வாங்கு, பிறகு நிலம். பாரத்தோடு நடப்பது ஆக எளிது, இரண்டு கையிலும் 8 கிலோ டம்பெல்லைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து 30 மீற்றர் நடங்கள். சந்தையிலிருந்து பையோடு வருகிற அசைவுதான் அது.

ஒவ்வொன்றும் முதல் இரண்டு கிழமை 2 செட், பிறகு 3 செட். 8 முதல் 12 தடவை. இன்னும் இரண்டு தடவை தூக்கலாம் என்று தோன்றுகிற இடத்தில் நிறுத்துங்கள். செட்டுக்கு இடையில் ஒன்றரை, இரண்டு நிமிடம் ஆறுங்கள், அந்த ஓய்வைக் களவாட வேண்டாம். மூன்று செட்டிலும் 12 வந்துவிட்டால் அடுத்த முறை 1 கிலோ, 2 கிலோ கூட்டுங்கள். ஒரு கொப்பி வைத்துத் திகதியும் எடையும் தடவையும் எழுதுங்கள், இதை நான் கண்டிப்பாகச் சொல்கிறேன், ஏனென்றால் எழுதாதவர்கள் ஆறு மாதம் கழித்தும் அதே 4 கிலோ டம்பெல்லைத்தான் தூக்கிக்கொண்டு இருப்பார்கள், அது உங்கள் ட்ரெட்மில் கதையேதான்.

அவசரம் வேண்டாம். நான் முப்பதுகளில் இருக்கும்போது வெளியூரில் ஒரு ஜிம்மில் சேர்ந்தேன். முதல் நாளே அங்கிருந்த பயிற்சியாளர் என்னால் எவ்வளவு முடியும் என்று பார்க்கப் பாரத்தை ஏற்றிக்கொண்டே போனார். இந்தத் தொழிலில் இருந்துகொண்டும் நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டு கிழமை நாரியைப் பிடித்துக்கொண்டு வேலைக்குப் போனேன். தசை ஒரு மாதத்தில் தேறிவிடும், தசைநாணுக்கும் மூட்டுக்கும் அதைவிடக் கூட நாள் வேண்டும், அதனால் இலகுவாக இருக்கிறதே என்று முதல் மாதத்தில் தாவாதீர்கள். பயிற்சி செய்து ஒன்று முதல் மூன்று நாள்வரை தசை நோவது இயல்பு. மூட்டுக்குள் குத்துவது இயல்பில்லை.

சரி, மற்றவர்கள் சொன்னதற்கு வருகிறேன்.

மகன் காட்டுகிற நாலு நிமிடம் தபாட்டா முறையாக இருக்கும், 20 வினாடி முழு வேகம், 10 வினாடி ஓய்வு, எட்டுத் தடவை. ஜப்பானில் பனிச்சறுக்கு வேகப்போட்டி வீரர்களைப் பழக்கிய முறையை இசுமி தபாட்டா என்ற ஆய்வாளர் சோதித்து 1996இல் வெளியிட்டார். அந்தச் சோதனையில் இருந்தவர்கள் ஏற்கனவே விளையாடிப் பழகிய இளம் ஆண் மாணவர்கள். அசையாத சைக்கிளில், ஏழெட்டுத் தடவைக்கு மேல் ஒரு மிதியும் மிதிக்க முடியாத அளவு கடுமையாகச் செய்தார்கள். போனில் வருகிற வீடியோக்களில் அதே பெயரில் குதிக்கவும் துள்ளவும் சொல்கிறார்கள், அது வேறு விஷயம். நோகிற முழங்காலோடு நீங்கள் குதிக்க வேண்டாம். மகனுக்கு நல்லது, அவன் செய்யட்டும்.

ஆனால் வேகத்தைக் கூட்டிக் குறைத்துச் செய்கிறது உங்களுக்கும் உதவும், மெதுவான வடிவத்தில். ஆறு கிழமை எடை தூக்கிய பிறகு ட்ரெட்மில்லின் சரிவை 5, 6க்கு ஏற்றி ஒரு நிமிடம் வேகமாக நடங்கள், பேச்சு துண்டு துண்டாக வர வேண்டும். பிறகு சரிவை இறக்கி இரண்டு நிமிடம் மெதுவாக. இப்படி ஆறு தடவை, கிழமையில் ஒரு நாள். கோயில் ஏற்றத்துக்கு இதைவிடக் கிட்டிய பயிற்சி ஜிம்முக்குள் கிடையாது. ஜிம் பிடிக்காத நாளில் உட்துறைமுக வீதியில் ஒரு விளக்குக் கம்பத்திலிருந்து அடுத்ததுவரை வேகமாகவும் அடுத்த இரண்டுக்கு மெதுவாகவும் நடக்கலாம். சுவீடனில் 1930களில் ஓட்ட வீரர்களுக்காக இப்படி ஒரு முறையை உருவாக்கி அதற்கு ‘வேக விளையாட்டு’ என்று பொருள் வருகிற பெயரையே வைத்தார்கள்.

ஸும்பா கொலம்பியாவில் தொண்ணூறுகளில் தொடங்கிய நடனப் பயிற்சி. இதயத்துக்கு நல்லது, மனதுக்கு அதைவிட நல்லது. வருடக்கணக்காக விடாமல் செய்கிற பயிற்சிதான் பலன் தரும், அதனால் அந்த டீச்சரோடு சேர்ந்து போக ஆசை இருந்தால் சனிக்கிழமை போங்கள், ட்ரெட்மில் நாள் ஒன்றைக் கழித்துக்கொள்ளுங்கள். ஒற்றைக் காலில் திரும்புகிற அசைவுகளையும் துள்ளலையும் மட்டும் இப்போதைக்குத் தவிருங்கள். யோகா பற்றி உங்கள் கணவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. வளைவுக்கும் சமநிலைக்கும் இரவு நித்திரைக்கும் நல்லது, காலையில் பத்து நிமிடம் செய்யுங்கள். கிழமைக்குக் கிழமை பாரத்தைக் கூட்டிக்கொண்டு போக அதில் வழி குறைவு, அதனால் அது மட்டும் போதும் என்று என்னால் சொல்ல முடியாது.

பெண்களுக்கான நேரம் ஒரு மணித்தியாலம்தான், மெஷினுக்கு வரிசை என்றால் சேர்க்கிட் முறையில் செய்யலாம். இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் 1953இல் மோர்கன், அடம்சன் என்ற இருவர் மாணவர்களுக்காக ஒழுங்குபடுத்திய முறை அது, ஒரு பயிற்சி முடிந்ததும் ஆறாமல் அடுத்ததற்குப் போய் வட்டமாகச் சுற்றி வருவது. குந்துவதையும் இழுப்பதையும் சோடியாக மாற்றி மாற்றிச் செய்தால் கால் ஆறுகிற நேரத்தில் முதுகு வேலை செய்யும், நேரம் மிஞ்சும். இரைக்க இரைக்க ஓடித் தூக்குகிற எடையைக் குறைத்துவிடாமல் இருந்தால் சரி. கோச் உங்களுக்கு ‘இன்று நெஞ்சு, நாளை முதுகு, மறுநாள் கால்’ என்று பிரித்துக் கொடுத்தால் அன்பாக மறுத்துவிடுங்கள். அது கிழமைக்கு ஐந்தாறு நாள் தூக்குகிறவர்களுக்கு, இரண்டு நாள் வருகிறவர் இரண்டு நாளும் முழு உடம்பையும் செய்ய வேண்டும். மணிக்கூட்டைப் பார்த்துப் போட்டிக்குப் பார்பெல் தூக்குகிற கிரொஸ்பிட் வகுப்புகளும் இப்போது வேண்டாம், அசைவே இன்னும் பழகவில்லை.

ஆக, திங்களும் வியாழனும் எடை, ஒவ்வொன்றும் 45 நிமிடம், கடைசியில் 10 நிமிடம் சரிவு நடை. சனி ஸும்பா அல்லது நீண்ட நடை. மற்ற நாட்களில் ஜிம்முக்குப் போகவே வேண்டாம், அதற்குப் பதிலாக மதியச் சோற்றுக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் பிறகு பத்து, பதினைந்து நிமிடம் நடங்கள். சாப்பிட்டதும் ஏறுகிற சீனியை அந்தச் சின்ன நடை இறக்கும், உங்கள் 112க்கு அது காலையில் வெறும் வயிற்றில் நடப்பதைவிட உதவும். பாடசாலையில் மதியம் முடியாவிட்டால் இரவில் மட்டும் செய்யுங்கள்.

கடற்கரையில் நடப்பதென்றால் ஈர மணலில் நடங்கள், உலர்ந்த மணல் கெண்டைக்காலையும் முழங்காலையும் இன்னும் வேலை வாங்கும். கரை கடல் பக்கம் சரிந்திருப்பதால் ஒரு கால் எப்போதும் தாழ்ந்தே இருக்கும், போன வழியாலேயே திரும்பி வந்தால் இரண்டு காலுக்கும் சமனாகிவிடும். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் பகல் வெக்கையில் வேண்டாம், விடிய ஆறு மணிக்கு முன்னே போங்கள். ஜிம்மில் காற்றாடி மட்டும்தான் என்றால் ஒரு போத்தல் தண்ணீர் போதாது.

சாப்பாட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் புரதம் இல்லாமல் தூக்கினால் பாதிப் பலன்தான். எடை தூக்குகிறவர்களுக்கு உடம்பின் ஒரு கிலோவுக்கு 1.2 கிராமாவது புரதம் வேண்டும், உங்களுக்கு நாளுக்கு 80 கிராம் அளவில் வருகிறது. சிறுநீரகத்தில் ஏதும் பிரச்சினை இருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்டுவிட்டுக் கூட்டுங்கள். புட்டும் சம்பலும் சாப்பிட்டு வேலைக்குப் போனால் மதியம்வரை புரதம் என்று சொல்ல ஒன்றும் இருக்காது. புட்டைப் பாதியாக்கி, இரண்டு அவித்த முட்டை சேருங்கள், 12 கிராம் வந்துவிடும். மீனுக்குத் திருமலையில் குறையில்லை. சமைத்த சூரையிலோ கீரி மீனிலோ நூறு கிராமுக்கு 20 கிராமுக்கு மேல் புரதம் கிடைக்கும், பொரிக்காமல் குழம்பு வையுங்கள். பின்னேரம் ரோல்ஸுக்குப் பதிலாக அவித்த கடலை அல்லது கௌபி, இரவில் கொஞ்சம் சட்டித் தயிர், சீனி போடாமல். டப்பாவில் விற்கிற பவுடர் உங்களுக்குத் தேவையில்லை, அந்தக் காசுக்கு மீன் வாங்குங்கள்.

தராசை மாதம் ஒரு தடவைக்கு மேல் பார்க்காதீர்கள். தசை கூடிக் கொழுப்பு குறைகிற காலத்தில் அது அசையாமல் நிற்கலாம், அதைப் பார்த்து மனம் உடைந்து நின்றுபோன பெண்களை நான் கண்டிருக்கிறேன். தையல் நாடாவால் தொப்புள் மட்டத்தில் இடுப்பை அளவுங்கள். நம் பகுதிப் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றருக்கு மேல் போனால் கவனம் வேண்டும் என்பது கணக்கு. மூன்று மாதம் முடிய எச்பிஏ1சி என்ற சோதனையைச் செய்யச் சொல்லுங்கள், கடந்த இரண்டு மூன்று மாதத்துச் சீனியின் சராசரியை அது காட்டும், ஒரு நாள் காலைச் சீனியைவிட நம்பலாம்.

பயிற்சி நடுவே நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ பரவுகிற நோ, தலைச்சுற்று, காரணமில்லாத குளிர் வியர்வை வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்தி ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பெண்களுக்கு நெஞ்சு நோவே இல்லாமல் மூச்சுத் திணறலும் ஓங்காளமும் மேல்முதுகு நோவும் மட்டும் வரலாம், வாய்வு என்று இஞ்சித் தண்ணீர் குடித்துக்கொண்டு வீட்டில் இருந்துவிடாதீர்கள்.

கந்தசஷ்டிக்கு வருகிறேன். ஆறு நாளும் நீங்கள் எப்படி விரதம் பிடிக்கிறீர்கள் என்று எழுதவில்லை. ஒரு நேரம் சாப்பிடுகிறவர் என்றால் அந்தக் கிழமை எடையைப் பாதியாக்கி, ஒரு செட் மட்டும், சாப்பிட்டு ஒன்றரை இரண்டு மணித்தியாலம் கழித்துச் செய்யலாம். பாலும் பழமும் மட்டும், அல்லது தண்ணீர் மட்டும் என்றால் ஜிம்முக்குப் போக வேண்டாம், பின்னேரம் கோயிலுக்கு மெதுவாக நடந்து போய் வாருங்கள், அது போதும். சீனிக்கு டாக்டர் ஏதாவது குளிசை தந்திருந்தால் விரதத்துக்கு ஒரு கிழமை முன்பே அவரிடம் கேளுங்கள், வெறும் வயிற்றில் சில குளிசைகள் சீனியை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும். ஆறு நாள் தூக்காமல் இருந்தால் சேர்த்த பலம் போய்விடாது, இரண்டு மூன்று கிழமைவரை அது உங்களோடு இருக்கும். பாறணை முடிந்து இரண்டு நாள் ஒழுங்காகச் சாப்பிட்ட பிறகு, கொப்பியில் கடைசியாக எழுதிய எடையிலிருந்து ஒரு படி குறைத்துத் திரும்பத் தொடங்குங்கள்.